ஜெபம் வேண்டாம் என்ற சிமியோன்

"அந்தச் சிமியோன் பேரை அடிச்சிருங்க ஐயரம்மா. இனிமே அவன் வீட்டுப் படி ஏற மாட்டேன்."

வாசலில் நின்றபடியே சொன்னார் கோயில்பிள்ளை. ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும், மத்தியானம் முழுக்க வெயிலில் பதினோரு வீடு சந்தித்துவிட்டு வருகிறார். வயது அறுபத்தாறு. முப்பது வருஷம் கண்டக்டராக பஸ்ஸில் நின்ற கால். அதை இன்னும் விரட்டினால் அதுதான் என்ன செய்யும், பாவம்.

எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா. இந்த ஐயரம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. நோயாளிகளையும் ஒண்டிக்கட்டைகளையும் வாராவாரம் போய்ப் பார்க்கிற சந்திப்பு ஊழியம் அவர் பொறுப்பு. யார் எந்த வீட்டுக்கு என்று அவர்தான் எழுதிக் கொடுப்பார். எந்த வீடானாலும் கடைசியில் ஜெபம்; ஜெபம் முடிந்தால் வந்தவர் கிளம்பிவிடுவார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. மொதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"சிமியோன் என்ன செஞ்சாவ?"

"ஜெபம் வேண்டாங்கான்."

"எப்பமிருந்து?"

"மூணு வாரமா. முன்னால எல்லாம் ஜெபம்னாலே கண்ண மூடிக்கிடுவான். இப்பம் கைகாலு விழுந்ததோட விசுவாசமும் விழுந்துட்டு. டெய்லர் கடை போச்சு. மகன் காலைல போனா பொழுதடையத்தான் வாரான். அதுக்குக் கர்த்தர் மேல கோவம்னா நான் என்ன செய்ய?"

"நீங்க போனதும் என்ன செஞ்சிய?"

"என்னத்த செய்ய? வழக்கம்போலத்தான். தோத்திரம் சொன்னேன். சங்கீதம் ஒண்ணு வாசிச்சேன். ஜெபம் பண்ணுவோமான்னு கேட்டேன். வேண்டாம்னு மூஞ்சியச் சுவரு பக்கம் திருப்பிக்கிட்டான்."

"பெறவு?"

"பெறவென்ன? நின்னவாக்குல நானே ரெண்டு வார்த்த ஜெபிச்சேன். ஆமென் சொல்லிட்டுக் கெளம்பி வந்துட்டேன். இன்னும் எட்டு வீடு கெடக்குல்லா?"

ஐயரம்மா காப்பி போட அடுப்படிக்குப் போனார்.

கோயில்பிள்ளை சுவரில் சாய்ந்துகொண்டார். பேரை அடித்தால் சிமியோன் வீட்டுக்குப் போக வேறு ஆள் இல்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டார். அவ்வளவு அலுப்பு. மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. எல்லார் வீட்டுக்கும் போய் ஆறுதல் சொல்கிறவரை, நீ எப்படி இருக்கே என்று ஒரு வீட்டிலும் கேட்டது கிடையாது. இன்றைக்கு யாரிடமாவது கொட்டித் தீர்த்தால் போதும் என்று இருந்தது.

காப்பி வந்தது. நல்ல சூடு. ஒரு வாய் குடித்தார்.

"காலு வலி கெடக்கட்டும் ஐயரம்மா. மனசுதான் ஒரு மாதிரி..."

ஐயரம்மா முந்தானையை இழுத்து முக்காடு போட்டார்.

"ஜெபம் பண்ணுவோமா அண்ணாச்சி?"

கோயில்பிள்ளைக்குச் சுருக்கென்றது. டம்ளரை ணங்கென்று தரையில் வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"இப்பத்தான வந்து உக்காந்தேன்! காப்பிகூடக் குடிச்சு முடிக்கல. அதுக்குள்ள என்னைப் போகச் சொல்லுதியளா?"

ஐயரம்மா கண்ணை மூடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயில்பிள்ளை இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாதியில் நிறுத்தினார்.

"ஐயோ, சிமியோனு," என்றார்.