தளவாயின் தேரும் மருத்துவச்சியின் வாசலும்

முத்தாற்று நாட்டுத் தளவாய் இரணசிங்கர் தெருவில் தேரைக் காற்றாய் விரட்டுவார். கொற்றவாசல் தெருவில் அது நுழைந்தால் கோழிகள் கூரைக்கும் மனிதர்கள் சன்னலுக்கும் தாவுவார்கள். நண்பர் வீட்டில் அவர் தாயக்கட்டை உருட்ட உட்கார்ந்தால், எதிர்வீட்டு மருத்துவச்சி செவந்தாயியின் வாசலை அடைத்தபடி பொழுது சாயும்வரை தேர் நிற்கும்.

செவந்தாயி அரசவையில் முறையிட்டாள். “மகாராஜா, நான் கொல்லைச் சுவரேறிக் குதிச்சு வந்திருக்கேன். என்னைத் தேடி வர்ற பிள்ளைத்தாய்ச்சிங்க சுவரேற முடியுமா?”

தளவாய் மீசையை நீவினார். “இவள் வீட்டை இடித்துவிடலாம், அரசே. தேருக்கு இடம் கிடைக்கும். வாசலே இல்லையென்றால், வாசல் அடைபட்டதென்ற புகாரும் இராது.”

மன்னர் குணதீரருக்கு இது நியாயமாகவே பட்டது. அவை விகடர் உலகளந்தாருக்குத்தான் தாம்பூலம் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

“என்ன ஓய் இருமல்? இடிப்பது பிடிக்கவில்லையா?” என்றார் மன்னர். “அப்படியானால் நாளை உச்சிப் பொழுதுக்குள் நீரே தேரை விலக்கிக் காட்டும். நீர் தேரைத் தொடக்கூடாது, தளவாயிடம் கெஞ்சவும் கூடாது. தவறினால் வீடு இடிபடும்!”

மறுநாள் காலை தளவாய் தாயம் போடும் நேரத்தில் உலகளந்தார் செவந்தாயியோடு வந்து நின்றார். அவள் தலையில் நொச்சிக் கொத்து.

“தளவாயே, இவள் உங்களிடம் சரணடைகிறாள்.”

“என்னிடமா? எதற்கு?”

“கொடி பறக்கும் போர்த்தேர் வாசலை அடைத்தால் அது முற்றுகை. இலக்கணம் அதை உழிஞை என்னும். உள்ளே இருப்பவர் நொச்சி சூடவேண்டும். சூடியிருக்கிறாள்; எதிர்க்கப் படையில்லை, அதனால் சரண்.”

“ஆவி பிடிக்க ஒடிச்சு வச்சிருந்தது சாமி” என்றாள் செவந்தாயி.

“சரணடைந்தவரை வென்றவர் தம் வீட்டில் வைத்துக் காக்கவேண்டும், முற்றுகை நீங்கும்வரை. உங்கள் பாட்டனார் எழுதிய போர்ச்சட்டம்.”

தளவாய் சிரித்தார். “ஒருத்திக்குச் சோறு போட என் வீட்டில் பஞ்சமா? போகச் சொல்லும்!” கட்டையை உருட்டினார்.

செவந்தாயி போனாள். அவளைத் தேடி ஊர்ப் பிள்ளைத்தாய்ச்சிகளும் போனார்கள்.

சற்று நேரத்தில் தளவாயின் காவலன் ஓடிவந்தான். “ஐயா, நம் ஆயுதசாலையில் ஆண் குழந்தை!”

“சரி, போ.”

மறுபடி வந்தான். “ஐயா, யானைக் கவசத்தில் இரட்டைப் பிள்ளைகளைக் கிடத்தியிருக்கிறார்கள். வெற்றிக்கொடியை நம் வீட்டு அம்மாவே தூளி கட்டக் கொடுத்துவிட்டார்கள். வாசலில் இன்னும் ஒன்பது பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வெந்நீர் வைக்க உங்களைக் கூப்பிடுகிறார்கள்!”

தாயக்கட்டை உருளும் முன் தளவாய் தேரில் இருந்தார்.

உச்சிப் பொழுதில், வீடு இடிக்கும் ஆட்களோடு மன்னர் தெருவுக்கு வந்தார். எதிரே தேர் நத்தையாய் ஊர்ந்து வந்தது. தளவாய் கீழே இறங்கிக் குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார்.

“மெல்ல! மெல்ல! உள்ளே பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள்!”

செவந்தாயியையும் கர்ப்பிணியையும் வாசலில் இறக்கிவிட்டு, தேரைக் கோட்டை மைதானத்தில் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க நடந்தே திரும்பினார்.

“முப்பது போர்க்களம் கண்டவர் நீர். முற்றுகையை ஏன் கைவிட்டீர்?” என்றார் மன்னர்.

“அரசே, எந்தப் போரிலும் கைதிகள் குறைவார்களே தவிர இப்படிப் பெருகமாட்டார்கள்!”

மன்னர் கிரீடம் நழுவச் சிரித்தார். “உலகளந்தாரே, உமக்கு ஒரு தேர் பரிசு!”

உலகளந்தார் கைகூப்பினார்.

“அதை நிறுத்த ஓர் இடமும் கொடுத்துவிடுங்கள், அரசே.”