அடுப்போரத்து இடம்

மலையோடைக் கரையில் ஒரு மடம் இருந்தது. ஓடைத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு சின்ன டர்பைன்களை ஓட்டி, வேண்டிய மின்சாரத்தை மடத்தில் இருந்தவர்களே எடுத்துக்கொண்டார்கள். குப்பை உள்ளே போகாமல் தடுக்க ஒவ்வொரு டர்பைனின் வாயிலும் ஒரு கம்பிச் சல்லடை இருந்தது. மேல் டர்பைனைச் சோலைமலை பார்த்துக்கொண்டான். அதைச் சுழற்றிவிட்டு வரும் தண்ணீரில் ஓடிய கீழ் டர்பைன் ஏகம்பனுடையது.

இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் சோலைமலையைக் கண்டால் ஏகம்பனுக்கு வயிறு எரியும். காரணம் மின்சாரமல்ல, அடுப்பு. மாலைக் கஞ்சிக்கு உட்காரும்போது, மடத்துத் தலைவியான அம்மையார் தன் பக்கத்தில் அடுப்போரமாக இருந்த இடத்தைச் சோலைமலைக்கே கொடுப்பார். அந்த மகராசன் வருவதோ கடைசியில், முழங்கை வரை ஈரத்தோடு.

ஒருநாள் ஏகம்பனால் பொறுக்க முடியவில்லை.

“அம்மா, அவன் என்னைவிட எதுல உசத்தி?”

“எதுலயும் இல்லையே.”

“அவன் சல்லடையைப் போய்ப் பாருங்க. எந்நேரமும் குப்பை. என் சல்லடையில ஒரு இலை பாத்திருக்கீங்களா? அந்த இடம் எனக்கு வேணும்மா.”

அம்மையார் கஞ்சியைக் கிளறினார்.

“நாளைக்கு மேல் டர்பைன் நிக்கட்டும். தண்ணியைப் பக்க வாய்க்கால்ல நேரா உனக்கே விடச் சொல்றேன். எல்லா விளக்கும் உன் கரண்ட்லயே எரியட்டும்.”

ஏகம்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் தண்ணீர் வந்தது. கூடவே காட்டுச் சருகெல்லாம் வந்தது. சல்லடை அடைத்துக்கொண்டது, டர்பைன் முனகியது, விளக்குகள் மங்கின. வாரி எடுத்தான். நிமிர்வதற்குள் மறுபடி அடைத்தது. கம்பிக்குள் சிக்கியதை ஐஸ் போன்ற தண்ணீரில் கைவிட்டுப் பிடுங்கினான். மத்தியானச் சோற்றுக்கும் போகவில்லை.

சாயங்காலம் சோலைமலை வந்தான். பக்கத்தில் இறங்கித் தண்ணீருக்குள் கையை விட்டான்.

“நீ போ ஏகம்பா. கஞ்சி ஆறிடும். நான் பாத்துக்கறேன்.”

எல்லோரும் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் ஏகம்பன் போய்ச் சேர்ந்தான். விரல்கள் விறைத்து, கிண்ணத்தைப் பிடிக்க மடங்கவில்லை. அம்மையார் அடுப்போரத்து இடத்தைக் காட்டினார்.

ஏகம்பன் நின்றுகொண்டே இருந்தான்.

“அம்மா, என் சல்லடையில இத்தனை வருஷமா ஒரு இலைகூட வந்ததில்லையே…”

“தெரியும். உட்காரு” என்றார் அம்மையார். “கொஞ்சம் தள்ளி உட்காரு. அவனும் வருவான்.”