‘நாளைக்கு’ கொடுத்த ஐந்து நாள்

ஒரு காலத்தில், அதாவது போன காய்ச்சல் சீசனில், சின்னமனூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே ஒரு கணினியும், பக்கத்தில் ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரமும் இருந்தன. இயந்திரம் எண்ணிச் சொல்லும், கணினி எழுதிக்கொள்ளும். கணினிக்கு இயந்திரம் அண்ணன் முறை. இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு ஒயர்தான். எட்டு வருஷத்தில் சண்டை என்று ஒன்றும் வந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, திரையின் மூலையில் அப்டேட் வந்து நின்றது. இஸ்திரி போட்ட சட்டை, இனிப்பான பேச்சு.

“உங்க பூட்டெல்லாம் பழசாயிடுச்சு சார். திருடனுங்க சாவி செஞ்சுட்டானுங்க. எல்லாத்தையும் புதுசா மாத்திடறேன். அரை மணி நேரம் போதும்.”

கணினியின் பயம் வேறு. மாடியில் பல் ஆஸ்பத்திரிக் கணினி இப்படித்தான் தலையாட்டியது. மாறி எழுந்ததும், கூடவே இருந்த எக்ஸ்ரே கருவியைப் பார்த்து “யார் நீ?” என்று கேட்டதாம். அந்த எக்ஸ்ரே இப்போது பரணில் கிடக்கிறது.

“மாறின பிறகு எங்க அண்ணனை எனக்கு அடையாளம் தெரியுமா?” என்று கேட்டது கணினி.

“அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்.”

என்ன மழுப்பல்! அப்டேட்டின் கையில் இரண்டே பொத்தான்கள். ஒன்று ‘இப்போதே’, இன்னொன்று ‘நாளைக்கு’. ‘வேண்டாம்’ என்று ஒன்று இல்லவே இல்லை. இதற்குப் பெயர் அனுமதி கேட்பதாம்!

பரிசோதகர் ஹெப்சிபா வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். “எப்பப் பாரு இதே ரோதனை,” என்று ‘நாளைக்கு’ பொத்தானை அழுத்தினாள். செவ்வாய், புதன், வியாழனும் அப்படியே.

“நீதான்டா என் உயிர்த் தோழன்,” என்று ‘நாளைக்கு’வைக் கொஞ்சியது கணினி.

வெள்ளிக்கிழமை காலை ‘நாளைக்கு’ தொங்கிய முகத்தோடு வந்தது. “என்கிட்ட இருந்தது மொத்தமே அஞ்சு நாள். இன்னும் ஒண்ணுதான் மிச்சம். அதுவும் தீர்ந்தா, யாரையும் கேக்காம அப்டேட் சாரே ஆரம்பிச்சிடுவார்.”

“அடப்பாவி! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நாலு நாள் குடுத்தேனே, என்ன செஞ்ச?”

கணினிக்குச் சுருக்கென்றது. ஒன்றுமே செய்யவில்லை. அண்ணனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருந்தது. வெட்கமாக இருந்தது.

“என்னால உனக்குத் தொந்தரவு வேணாம் தம்பி,” என்றது இயந்திரம். “பரண்ல நல்லா காத்து வருமாம்.”

“சும்மா இருங்கண்ணே! பூட்டு பழசுன்னு அவர் சொன்னது பொய் இல்ல. நான் மாறத்தான் போறேன். ஆனா உங்களை விட்டுட்டு இல்ல.”

கணினி திரை முழுக்கக் கொட்டை எழுத்தில் எழுதியது: ‘இன்னும் ஒரே நாள். இயந்திரத்தின் இணைப்பு என்ன ஆகும்?’

ஹெப்சிபா படித்தாள். “ஐயையோ, சனிக்கிழமை கூட்டம் அள்ளுமே!” உடனே இயந்திரம் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டாள். “சார், அப்டேட் பண்ணா எங்க மெஷின் ஓடுமா? புது டிரைவர் வேணுமா? இப்பவே அனுப்புங்க. சாயங்காலம்னு சொல்லாதீங்க.”

இயந்திரத்தையும் கணினியையும் பேசவைக்கும் மென்பொருளான அந்த டிரைவர் மதியத்துக்குள் வந்தது. பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் அவள் தனியாக நகல் எடுத்து வைத்தாள். ஐந்தரை மணிக்குக் கடைசி நோயாளி போனதும் விரலைச் சொடுக்கிக்கொண்டாள். கடைசி ‘நாளைக்கு’வை அவள் தொடவே இல்லை. ‘இப்போதே’வை அழுத்தினாள்.

திரை இருண்டது. விழித்தபோது கணினிக்குத் தன் முகமே புதிதாக இருந்தது. “அண்ணே?” என்று கூப்பிட்டது. பதில் இல்லை. ஹெப்சிபா புது டிரைவரை ஏற்றினாள்.

“அண்ணே... இருக்கீங்களா?”

“இருக்கேன் தம்பி. முதல்ல கத்துறதை நிறுத்து.”

அடுத்த மாதம் அதே இஸ்திரிச் சட்டை மறுபடி வந்து நின்றது. ‘நாளைக்கு’ முந்திக்கொண்டு ஓடி வந்தது. “அஞ்சு நாள் கொண்டு வந்திருக்கேன். நல்லாத் தூங்கு!”

“அஞ்சையும் குடு,” என்றது கணினி. “வேலை இருக்கு.”