கோரை தேடும் பிள்ளைகள்

அந்தக் காலத்தில் புல் பூண்டுக்கெல்லாம் வாய் இருந்தது. இப்போது போல, களை என்று கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கிவிட முடியாது. "நீ யாரு, எப்பப் போவே?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அதுகளும் ஒழுங்காகப் பதில் சொல்லும்.

அப்போது வடிவும் அவள் புருஷன் சங்கிலியும் மாமியார் வீட்டிலிருந்து பிரிந்து, ஊர்க்கடைசியில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார்கள். புறவாசல் காடாகக் கிடந்தது. வடிவின் கையில் இருந்ததோ, பிறந்த வீட்டில் கொடுத்துவிட்ட ஒரு பிடி அவரை விதை. ஆடி மழைக்கு முன்னால் ஊன்றினால்தான் தை மாதம் காய். தவறினால் காய்க்கு மாமியார் வீட்டுக்குத்தான் போய் நிற்க வேண்டும். "தனியாப் போனவ லட்சணத்தைப் பாருங்க" என்று ஊர் சிரிக்குமே! அந்தப் பயத்தில் விடிந்ததும் விடியாததுமாகப் புறவாசலில் இறங்கினாள்.

முதலில் மஞ்சள் பூவோடு படர்ந்திருந்ததைக் கேட்டாள். "நான் நெருஞ்சி. முள்ளு வைக்கிறதுக்குள்ள தூரோட இழு, வந்திருவேன்" என்றது. பக்கத்தில் நீளக் கதிரோடு நின்றது, "நான் நாயுருவி. கதிர் முத்துனா உன் சேலையிலதான் ஒட்டுவேன், இப்பவே பிடுங்கிரு" என்றது. இரண்டையும் பிடுங்கினாள்.

மூன்றாவது, விதை ஊன்ற வேண்டிய இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு, நெல் நாற்று மாதிரி பளபளவென்று நின்றது.

"தண்டை உருட்டிப் பாரு, மூணு பட்டை இருக்கும். நான் கோரை" என்றது அது. "தாயே, என் தூருல ஒரே ஒரு முடிச்சு இருக்கு. அதுக்குள்ள என் பிள்ளைக தூங்குது. மூணு நாள் பொறு. முழிச்சதும் எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுக் குளத்தங்கரைக்குப் போயிருதேன்."

தொட்டிலில் கிடந்த தன் பிள்ளையை வடிவு திரும்பிப் பார்த்தாள். "சரி, மூணு நாள்" என்று வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்தாளே தவிர, மனசு கேட்க வேண்டுமே! மறுநாளே மேற்கே கருத்தது. "பிள்ளைக முழிச்சாச்சா?" என்று பத்துத் தடவை போய்க் கேட்டாள். இரண்டாம் நாள் சங்கிலி, "ஏளா, இன்னுமா விதை ஊணலை?" என்றான். வேலியோரமாகப் போன மாமியார் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று சாயங்காலம் வடிவின் கையில் ஒரு தூறல் துளி விழுந்தது. அவ்வளவுதான். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"நாளைக்கு ஒரு நாள்தானே தாயே!"

"மழை வந்துட்டே, நான் என்ன செய்வேன்!" என்று அழுதுகொண்டே வெட்டினாள்.

முடிச்சு சிதறியது. தூக்கத்தில் பதறிய பிள்ளைகள் திசைக்கொன்றாக மண்ணுக்குள் ஓடி ஒளிந்தன. அதற்குப் பிறகு கோரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்த மற்றச் செடிகளும் வாயை மூடிக்கொண்டன.

வடிவு அவசர அவசரமாக அவரையை ஊன்றி முடித்தாள். மழையா? அந்த ஒரு தூறலோடு மேகம் கலைந்துவிட்டது. நாலாம் நாள்தான் பெய்தது.

அவரை முளைத்தது. ஒவ்வொரு முளையைச் சுற்றியும் பத்துக் கோரை நின்றது. ஒன்றைப் பிடுங்கினாள், அறுந்து மேல்பாதி மட்டும் வந்தது. மண்ணை விரலால் கிளறினாள். உள்ளே நூல் மாதிரி ஒரு வேர் ஒரு முடிச்சிலிருந்து இன்னொரு முடிச்சுக்கு நீண்டு, அங்கேயும் நிற்காமல் இன்னும் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. தாய்க் கோரை தன் பிள்ளைகளைத்தான் தேடுகிறது என்று புரிந்ததும் வடிவு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் தொட்டில் பிள்ளை அழுதது. எழுந்து போய்த் தூக்க அவளுக்குக் கூசியது.

நம் ஆட்கள் கோரையை வெட்டாமல், மண்ணைக் கிளறி முடிச்சு முடிச்சாகப் பொறுக்குவது அன்று முதல்தான். அப்படியும் ஒன்றிரண்டு தப்பிவிடும். தப்பிய பிள்ளையைக் கண்டுபிடித்த இடத்தில் எல்லாம் தாய்க் கோரை மண்ணுக்கு வெளியே தலையை நீட்டி, மற்றதுகளைக் காணோமே என்று இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறது.