ஏழு ஊரில் ஒரே ராஜா

மணற்குடி ராஜாங்கத்தில் கரண்டுக்குக் குறைவே இல்லை. அப்படி என்று மின்சார மந்திரி தில்லைநாயகம் சொன்னார், அவ்வளவுதான்! இருந்தது ஒரே ஒரு பழைய மின் நிலையம். நாட்டுக்கு வேண்டியதில் பாதியைத்தான் அது கொடுத்தது. மந்திரியோ தினமும் சபையில் கையைக் கட்டிக்கொண்டு, "மின்வெட்டா? நம் நாட்டிலா?" என்று புளுகுவார்.

ஒருநாள் கூவலூரில் மாவு மில் வைத்திருக்கும் செங்கமலம் நேரே சபைக்கே வந்துவிட்டாள்.

"ரெண்டு மணி நேரம்கூட கரண்ட் நிக்கிறதில்ல சாமி. அரைக்க வந்த ஈர அரிசியெல்லாம் நாறிப்போகுது!"

ராஜா விசயநம்பி உடனே கூவலூர் போய்ப் பார்த்தார். அங்கே பட்டப்பகலில் தெருவிளக்குகூட ஜம்மென்று எரிந்தது! ராஜாவுக்கு வந்ததே கோபம். "என்னிடமே பொய்யா? நாளை மறுநாள் அவள் மில்லுக்குப் பூட்டு!"

பாவம், செங்கமலம் அழுதுகொண்டே சபையின் கெட்டிக்காரர் சாத்தப்பரிடம் ஓடினாள். "அண்ணே, ராஜா வண்டி ஊர் எல்லையத் தாண்டுச்சு, கரண்டும் கூடவே போயிடுச்சுண்ணே. அந்த மில்ல விட்டா எனக்கு வேற கதி இல்ல."

சாத்தப்பர் விசாரித்தார். மந்திரியின் வேலைதான் அது. கொடி கட்டிய ராஜா வண்டி எந்த ஊருக்குள் நுழைந்தாலும், மற்ற இடங்களை நிறுத்தியாவது அங்கே கரண்ட் விட வேண்டும் என்று ரகசிய உத்தரவு. வண்டிக்குள் எட்டிப் பார்க்க எவனுக்குத் தைரியம் வரும்?

மறுநாள் காலை சாத்தப்பர் ராஜாவிடம் போனார். "அரசே, உங்கள் வண்டி ஏழும் இன்று ஒரு பகல் எனக்கு வேண்டும்."

"எதுக்கய்யா ஏழு?"

"சும்மா ஊர் சுற்றத்தான்."

கொடி கட்டி, திரை இழுத்துவிட்டு, ஏழு காலி வண்டிகளும் ஏழு ஊருக்குப் புறப்பட்டன.

உச்சி வெயில் நேரம். அரண்மனையில் மின்விசிறி நின்றது. ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. மந்திரி திருதிருவென்று விழித்தார். ராஜாவே மின் நிலையத்துக்குப் போன் போட்டார்.

"நான்தான் ராஜா பேசுகிறேன். அரண்மனையில் ஏன் கரண்ட் இல்லை?"

"யோவ், யாரு நீ? ராஜா இப்ப கூவலூர்ல இருக்காரு. புல்லூர்லயும் இருக்காரு. மொத்தம் ஏழு ஊர்ல இருக்காரு! ராஜா வண்டி போற ஊருக்கெல்லாம் கரண்ட் விடணும்னு மந்திரி உத்தரவு. அத்தனைக்கும் விட எங்ககிட்ட ஏது? அதான் அவர் இல்லாத அரண்மனையை நிறுத்திட்டோம். வைய்யா போனை!"

ராஜா மந்திரியை ஒரு பார்வை பார்த்தார். மந்திரி பதவியைவிட்டே போய்விட்டார். மில்லுக்குப் பூட்டு இல்லை என்றானது. புது மின் நிலையம் கட்டவும் உத்தரவு பறந்தது.

"சாத்தப்பரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"எனக்கு ஒன்றும் வேண்டாம் அரசே. புது நிலையம் முடியும்வரை அரண்மனைக்கும் கூவலூர் அளவே கரண்ட் விடச் சொல்லுங்கள்."

"அதனால் உமக்கு என்னய்யா லாபம்?"

"வேலை சீக்கிரம் முடியும், அரசே!"

ராஜா வேர்வையைத் துடைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார்.