குடி இல்லாத குடித்தனக்காரர்

வேம்பனூர் ராஜாவுக்கு ஒரு கவலை. எதிரி படையெடுத்து வந்தானா? இல்லை. மழை பொய்த்துப் போனதா? அதுவும் இல்லை. அரண்மனையில் ஓர் அறை காலியாகிவிட்டது. அதுதான் கவலை.

நந்தவனத்தை ஒட்டி, ராஜாவின் பள்ளியறைச் சுவருக்கு அடுத்தாற்போல் இருந்தது அந்த அறை. அதில் தங்கியிருந்த அரண்மனைப் பாடகர் நல்ல குரல்காரர்தான். ஆனால் குடிகாரர். ஒருநாள் கள் மயக்கத்தில் ராஜாவின் தலைப்பாகையைப் பூசணிக்காய் என்று நினைத்து, அரிவாள்மனையோடு வந்து நின்றார். அன்றைக்கே அவரை ஊரைவிட்டு அனுப்பியாயிற்று.

அறையைப் பூட்டிய மறுநாளே மகாராணி சொல்லிவிட்டாள். "பூட்டிக் கிடக்கிற அறையில் பேய் குடியேறிவிடும். அதற்கு முன்னால் ஒரு மனுஷரைக் குடிவையுங்கள். இல்லாவிட்டால் நான் பிறந்த வீட்டுக்குப் போகிறேன்."

ராஜா சபையைக் கூட்டி, மகாராணி சொன்னதைச் சொன்னார்.

சபையில் விகடமாகப் பேசிப் பேர் வாங்கிய மாசிலான் முதலில் எழுந்தார். "மகாராஜா, கூடை முடைகிற பொம்மையன் வீடு முந்தாநாள் மழையில் இடிந்து விழுந்துவிட்டது. மொத்தம் மூன்று பேர், சத்திரத்தில் கிடக்கிறார்கள். அங்கே மூன்று நாளுக்கு மேல் தங்க விடமாட்டார்கள். நாளைக்கு அவர்கள் தெருவில்தான் நிற்கணும். அறையை அவர்களுக்குக் கொடுக்கலாமே?"

அரண்மனை அதிகாரி வீரகேசரிக்குப் பொறுக்கவில்லை. "கூடைக்காரனா? மகாராஜா, என் மைத்துனர் இருக்கிறார். தங்கமான மனுஷர்!"

ராஜா கையை உயர்த்தினார். "கண்டவர்களையும் பக்கத்தில் வைக்க முடியாது. அடுப்புப் புகை எனக்கு ஆகாது. பேச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. நடக்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது. சொந்தக்காரர் என்று எவரும் வாசலில் வந்து நிற்கக் கூடாது. முக்கியமாகக் குடி கூடாது. மாசிலான், அப்படி ஓர் ஆளைக் கொண்டு வாரும், பார்ப்போம்."

மாசிலான் வெளியே போனார். ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம்தான். திரும்பி வந்துவிட்டார்.

"ஆள் கிடைத்துவிட்டார் மகாராஜா! அடுப்பே மூட்ட மாட்டார், பசி கிடையாது. கால் தரையில் பாவாது, அதனால் நடக்கிற சத்தம் வராது. குடிக்கத் தொண்டை கிடையாது. சொந்தக்காரர்கள் அவர் பேரைக் கேட்டாலே ஓடிப்போவார்கள்."

"அட! யாரய்யா அது?"

"மகாராணி சொன்னாரே, அந்தப் பேய்தான். உங்கள் நிபந்தனைக்கு வேறு யாரும் பொருந்த மாட்டார்கள்."

திரைக்குப் பின்னால் மகாராணி களுக்கென்று சிரித்தாள். ராஜா தலையைச் சொறிந்தார்.

"சரி, சரி. மற்றதெல்லாம் போகட்டும். குடி மட்டும் கூடாது. அதில் நான் இறங்கி வரமாட்டேன். பொம்மையன் வீட்டில் குடி இல்லையென்றால் அறை அவனுக்கு."

வீரகேசரி சும்மா இருப்பாரா? நேரே சத்திரத்துக்குப் போய் ஒரு தூணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். பொம்மையன் பெண்டாட்டி காத்தாயி யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னத்தைச் சொல்ல அக்கா! இவன் குடிச்சாத்தான் தூங்குறான். முழிச்சா திரும்பவும் குடி. காலையில குடிச்சதை எல்லாம் என் மேலேயே கக்கிட்டான். கொஞ்சம் தாமசமானா போதும், கத்தி ஊரையே கூட்டிடுறான்!"

வீரகேசரிக்கு வாயெல்லாம் பல். 'கட்டின புருஷனையே இவன், அவன் என்கிறாளே! பாவம், அவ்வளவு வெறுத்துப் போயிருக்கிறாள்' என்று நினைத்துக்கொண்டார். எட்டிப் பார்க்கவும் நேரமில்லை. அரண்மனைக்கு ஓடினார்.

கேட்டதும் ராஜாவுக்கு மீசை துடித்தது. "மாசிலான்! பொம்மையன் குடிகாரனாமே?"

மாசிலானுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "பொம்மையன் இல்லை மகாராஜா. ஆனால் அந்த வீட்டில் ஒரு குடிகாரன் இருப்பது வாஸ்தவம். நேராக நிற்கத் தெரியாது. பேச்சு குழறும். இடுப்பில் துணி இருக்கிறதா என்ற நினைப்பே கிடையாது."

"வெட்கங்கெட்ட பயல்! நடத்திக் கூட்டி வாரும் அவனை!"

"நடக்க மாட்டான் மகாராஜா. தூக்கித்தான் வரணும்."

"தூக்கிக்கொண்டு வாரும்!"

தூக்கிக்கொண்டு வந்தார்கள். பொம்மையன் கைகூப்பிக்கொண்டு முன்னால் வர, பின்னால் வந்த காத்தாயியின் இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. ராஜா குனிந்து பார்த்தார். குழந்தை பொக்கை வாயால் சிரித்துவிட்டு, தலைப்பாகையின் முத்துச்சரத்தை எட்டிப் பிடித்து இழுத்தது. தலைப்பாகை கீழே உருண்டது.

"இவன்தான் அந்தக் குடிகாரன், மகாராஜா" என்றார் மாசிலான். "இன்னும் பால்குடி மறக்கவில்லை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "பழைய குடிகாரனும் தலைப்பாகைக்குத்தான் வந்தான். இவனுமா!"

வீரகேசரி விடவில்லை. "எதைக் குடித்தால் என்ன மகாராஜா, குடி குடிதானே! என் மைத்துனர் பிறந்ததிலிருந்து குடித்ததே இல்லை. சத்தியம்!"

"பிறந்ததிலிருந்தா?" என்று மெல்லக் கேட்டார் மாசிலான்.

"பிறந்ததிலிருந்து!"

"ஒரு சொட்டுக்கூடவா?"

"ஒரு சொட்டுக்கூட!"

மாசிலான் ராஜாவின் காதோரம் குனிந்தார். ஆனால் சபைக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னார். "தாய்ப்பால்கூடக் குடிக்காமலே வளர்ந்திருக்கிறாராம். எதற்கும் அவர் கால் தரையில் பாவுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மகாராணி பயந்தது இவரை நினைத்துத்தான் இருக்கும்."

சபையே கொல்லென்று சிரித்தது. அறைச் சாவி அப்போதே பொம்மையன் கைக்குப் போனது. சாயங்காலம் நந்தவனத்து அறையில் அடுப்பு புகைந்தது. ராஜா இரண்டு தடவை தும்மிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மாசிலானுக்கு ஒரு கறவைப் பசு பரிசாகக் கிடைத்தது. அவர் அதை ஓட்டிக்கொண்டு போய் அந்த அறை வாசலிலேயே கட்டிவிட்டார்.

"ஏனய்யா இங்கே கட்டுகிறீர்?" என்று ராஜா ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"குடிகாரன் இருக்கிற வீடு, மகாராஜா. கடை பக்கத்திலேயே இருந்துவிட்டால், அவன் கத்தி உங்கள் தூக்கத்தைக் கெடுக்க மாட்டான்."