சிபில்லாவுக்கு நீட்டிய கை

ஜெர்மனி தேசம் முந்நூறு துண்டுகளாகக் கிடந்த காலம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ராஜா. காலையில் குதிரை ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாட்டைச் சுற்றி வந்துவிடலாம். அப்படியொரு துண்டுதான் க்ரூமன்ஸ்டைன். அதை ஆண்டவர் லுடோல்ஃப். நாடு கையகலம்தான் என்றாலும் கௌரவத்துக்குக் குறைச்சல் இல்லை.

அவருடைய ராணி அகதா காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த ராணிக்குத் தோழியாக அரண்மனைக்கு வந்தவள் சிபில்லா. அவள் அப்பாவும் பிரபுதான், ஆனால் ஏழு பெண்களைப் பெற்று ஓட்டாண்டியான பிரபு. அவர் கோட்டையில் மழை வந்தால் உள்ளே நிற்பதும் வெளியே நிற்பதும் ஒன்றுதான். சீர் கொடுக்க வழியில்லாமல் ஏழு பேரையும் கன்னியர் மடத்துக்கு அனுப்பினார். ஆறு பேரை ஏற்றுக்கொண்டார்கள். சிபில்லாவை மட்டும் வாய் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாய் ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ஐம்பத்தைந்து வயதில் ஒற்றைக்காலில் நின்றார். நிற்காமல் என்ன செய்வார்? சிபில்லாவுக்கு அப்போது மூன்று மாதம். அரண்மனையில் அது தெரியாதது ராஜாவின் குதிரைக்கு மட்டும்தான்.

மூத்த தாரத்து மகன் கஸ்பாருக்கு வயிறு எரிந்தது. அங்கெல்லாம் மகன்களுக்கு நாட்டைப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். தம்பி பிறந்தால் கையகலத்தில் பாதி போய்விடும். யோசித்து யோசித்து ஒரு பழைய வழக்கத்தைப் பிடித்தான்.

சம அந்தஸ்துள்ள பெண்ணை மணக்கும்போது மாப்பிள்ளை வலது கையை நீட்ட வேண்டும். அந்தஸ்து குறைந்த பெண் என்றால் இடது கை. இடது கையைப் பிடித்தவள் மனைவிதான், ஆனால் ராணி ஆக மாட்டாள். அவள் பிள்ளைகளுக்கு நாட்டில் ஒரு செங்கல்கூடக் கிடைக்காது. நம் ஊரில் இடது கையால் வெற்றிலை கொடுத்தாலே சண்டைக்கு வருவார்கள். அங்கே பெண்டாட்டியையே கட்டிக்கொள்ளலாம்.

கஸ்பார் சபையில் எழுந்தான். "அப்பா, தாராளமாகக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள். இடது கையால் செய்துகொள்ளுங்கள்."

ராஜா மந்திரி எபர்ஹார்டைப் பார்த்தார். மந்திரி தரையைப் பார்த்தார்.

"வழக்கம் அப்படித்தான் பிரபுவே. மீறினால் சக்கரவர்த்திவரை வழக்குப் போகும்."

ராஜாவின் முகம் தொங்கிவிட்டது. வயிற்றில் இருக்கும் பிள்ளை பிறக்கும்போதே ஒன்றுமில்லாததாகப் போகிறதே என்று அவருக்கு நிஜமாகவே வலித்தது. சிபில்லா அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் அழவில்லை.

"வழக்கம் என்றால் வழக்கம்தான். ஆனால் நாளைக்கு யாரும் பேச்சு மாறக் கூடாது. எழுதி முத்திரை வைத்துவிடலாமா இளவரசே?"

கஸ்பாருக்குக் கரும்பு தின்னக் கூலியா? அவனே சொல்லச் சொல்ல மந்திரி எழுதினார். 'இந்த அரச குடும்பத்தில் எவர் இடது கை கொடுத்து மணந்தாலும் அந்த மனைவி ராணி அல்ல. அவள் பிள்ளைகளுக்கு ஆட்சியில் பங்கு இல்லை.'

"இனிமேல் நடக்கும் கல்யாணத்துக்கு மட்டும் என்றால், என் ஒருத்திக்காகப் போட்ட சட்டம் என்று ஊர் பேசும்," என்றாள் சிபில்லா. "இதற்கு முன் நடந்ததற்கும் சேர்த்து எழுதுங்கள். உங்களுக்குத்தான் நல்ல பெயர்."

"எழுதும்," என்றான் கஸ்பார். கையெழுத்துப் போட்டு முத்திரையையும் அழுத்தினான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ராஜாவுக்கு வலது கை கிடையாது. இருபது வயதில் ஒரு பீரங்கிக் குண்டு அதைக் கொண்டுபோய்விட்டது. முன்பே சொல்லியிருக்கலாமே என்று என்மேல் கோபப்படாதீர்கள். காலியான சட்டைக்கையை முப்பத்தைந்து வருஷமாகப் பார்த்துப் பார்த்து, அந்தச் சபையிலேயே ஒருவருக்கும் அது ஞாபகத்தில் இல்லை.

ராணி தன் கல்யாணக் கதையைத் தோழியிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். சிபில்லா ராஜா பக்கம் திரும்பினாள்.

"பிரபுவே, மகாராணிக்குக் கோயிலில் எந்தக் கையைக் கொடுத்தீர்கள்?"

"இருந்த கையைத்தான் கொடுத்தேன்," என்றார் ராஜா.

மந்திரி எழுதியதை இன்னொரு முறை படித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இளவரசே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தித் திருத்திக்கொண்டார். "கஸ்பார் அவர்களே, தாங்கள் உட்கார்ந்திருப்பது வாரிசின் நாற்காலி."

கஸ்பார் துள்ளி எழுந்தான். "கிழித்துப் போடும் அதை!"

"முத்திரை வைத்ததைக் கிழிக்க முடியாது. வேண்டுமானால் கீழே ஒரு விளக்கம் சேர்க்கலாம்."

"என்ன விளக்கம்?"

"நீங்கள்தான் சொல்ல வேண்டும்," என்றாள் சிபில்லா. "அம்மாவும் ராணியாக இருக்க வேண்டும், நீங்களும் இளவரசராக இருக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது."

கஸ்பார் அப்பாவைப் பார்த்தான், சபையைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"எழுதுகிற எனக்குக் கேட்கவில்லை," என்றார் மந்திரி. "சபைக்கும் கேட்கட்டும்."

"என் அப்பாவின் இடப்பக்கம் இருப்பது வலது கை!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. அதைப் பிடிக்காமல் அந்தக் கையைச் சிபில்லாவிடம் நீட்டினார்.

"முப்பத்தைந்து வருஷம் கழித்து எனக்கு வலது கை முளைத்திருக்கிறது. இவன் பேச்சு மாறுவதற்குள் பிடித்துக்கொள்ளடி."